பட்டதும் படைத்ததும்

கதைத் தேர்வுக்கு உட்கார்ந்த பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வகைக் கைப்பிரதி நன்றாகவே பழக்கம். இது என் வாழ்க்கையில் நடந்தது, ஒரு வரிகூடக் கற்பனை இல்லை என்று ஒரு கடிதமும் அதனுடன் வரும். படித்து முடித்தால் எழுதியவர்மேல் இரக்கம் வரும், கதைமேல் எதுவும் வராது. அதே கட்டில் இருக்கும் இன்னொரு பிரதி எழுதியவருக்கு நடந்ததா, பக்கத்து வீட்டில் பார்த்ததா, முழுக்கப் புனைந்ததா என்று தெரியாது. ஆனால் கடைசிப் பக்கம் வந்ததும் தொண்டை அடைக்கும். பட்ட துயரம் உண்மையாக இருந்தும் அது ஏன் பிறரைத் தொடாமல் போகிறது? எந்த இடத்தில் ஒருவர் பட்டது எல்லோருடைய கதையாகிறது?

இதற்கு வழக்கமாக மூன்று பதில்கள் சொல்வார்கள். காயம் ஆற வேண்டும், காலம் கடந்துதான் எழுத வேண்டும் என்பது ஒன்று. ஆளையும் ஊரையும் மாற்றிப் புனைவாக்க வேண்டும் என்பது இன்னொன்று. எதையும் மறைக்காமல் உள்ளபடி சொல்லிவிட்டால் போதும் என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு, மூன்றும் பாதியில் நின்றுவிடுகின்றன. சொந்த வலியிலிருந்து பிறந்து, காலத்தைத் தாண்டி நிற்கும் சில நூல்களை வைத்து இவற்றைச் சோதித்துப் பார்க்கலாம்.

பெயர் சொல்லா மரபு

தமிழுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. அகப்பாட்டில் காதலரை இயற்பெயரால் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்தது. அதனால்தான் அங்கே தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று யாரும் போய் நிற்கக்கூடிய இடங்கள் மட்டும் இருக்கின்றன. பிரிந்து தவிக்கும் பெண் இன்ன ஊர் இன்னார் மகள் என்று தெரிந்த கணத்தில் அது அவள் குடும்பச் செய்தியாகிவிடும். நெடுநல்வாடை பிரிவைத்தான் பாடுகிறது. ஆனாலும் அதில் வரும் வேம்பு பாண்டியனை அடையாளம் காட்டிவிடுவதால் அது அகமாகாது, புறமே என்று நச்சினார்க்கினியர் கொண்டார். ஓர் அடையாளப் பூ பாட்டின் வகையையே மாற்றிவிடும் என்ற அளவுக்கு உரையாசிரியர்கள் இதில் கறாராக இருந்திருக்கிறார்கள்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இன்னொன்றும் சொல்கிறது. அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மை இழிவாக்குவது, உரியதை இழப்பது, இருந்த நிலையிலிருந்து தளர்வது, இல்லாமையில் உழல்வது. உலகத்தின் தன்வரலாற்றுப் புனைவுகளைக் கொட்டிப் பிரித்தால் பெரும்பாலானவை இந்த நான்கு கூடைகளுக்குள் அடங்கிவிடும். எட்டு மெய்ப்பாடுகளில் அழுகைக்கு முன்னால் நகை நிற்கிறது என்பதையும் நினைவில் வைக்கலாம். கீழே வரும் சில நூல்களில் இந்த அண்டை வீட்டு உறவு பெரிய வேலை செய்கிறது.

டிக்கன்ஸ் செய்த ஆள்மாற்றம்

1824 பிப்ரவரியில் சார்லஸ் டிக்கன்ஸுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்தது. அதே மாதம் கடனுக்காக அவருடைய தந்தையை லண்டனின் மார்ஷல்சீ சிறையில் அடைத்தார்கள். பையன் தேம்ஸ் கரையோரத்தில், எலிகள் ஓடும் ஒரு பழைய கட்டடத்தில் இயங்கிய காலணி மைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனான். மை ஜாடியின் வாயை எண்ணெய்த் தாளால் மூடி, அதன்மேல் நீலத் தாள் வைத்து, நூலால் கட்டி, ஓரத்தை நறுக்கி, பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். நாள் முழுக்க இதுதான் வேலை. தந்தை வெளியே வந்த பிறகும் அவனைத் திரும்ப வேலைக்கே அனுப்பத் தாய் விரும்பினார். அதை மட்டும் தன்னால் மறக்கவே முடியவில்லை என்று டிக்கன்ஸ் பின்னாளில் எழுதிவைத்தார்.

அந்தக் குறிப்பை நண்பர் ஜான் ஃபோர்ஸ்டரிடம் காட்டினார். 1870இல் டிக்கன்ஸ் இறந்த பிறகு, ஃபோர்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு வழியாகத்தான் உலகத்துக்கு அது தெரியவந்தது. ஆனால் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வாசகர்கள் அதைப் படித்து அழுதுவிட்டார்கள். 1849–50இல் வெளிவந்த ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலில் சிறுவன் டேவிட் ஒரு மதுக் கிடங்கில் புட்டி கழுவிப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறான்.

மை மதுவானது சின்ன மாற்றம்தான். ஆட்களை மாற்றியதில்தான் சங்கதி இருக்கிறது. வேலைக்கு அனுப்பும் கொடுமையை டிக்கன்ஸ் மாற்றாந்தந்தை மர்ட்ஸ்டனின் தலையில் வைத்தார். தாயை அதற்கு முன்பே சாகடித்து, குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டார். கடனாளித் தந்தையோ மிக்காபர் ஆனார். கடன்காரர்கள் கதவைத் தட்டும்போது கண்ணீர் விட்டு, அடுத்த அரை மணியில் காலணியைத் துடைத்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்தபடி வெளியே கிளம்பும் அந்த மனிதர், ஆங்கில நாவல் உலகில் மிக அதிகமாக நேசிக்கப்பட்ட பாத்திரங்களில் ஒருவர். தன் குழந்தைப் பருவத்தைப் பறித்த தந்தைக்கு மகன் கொடுத்த தண்டனை அது என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

எதிர்த்திசையிலும் ஒன்று நடந்திருக்கிறது. அந்தத் தொழிற்சாலையில் டிக்கன்ஸுக்கு வேலை பழக்கி, அவர் வலியில் துடித்த ஒரு நாளில் அருகிலிருந்து பார்த்துக்கொண்ட பையனின் பெயர் பாப் ஃபாகின். ‘ஆலிவர் ட்விஸ்ட்’டில் சிறுவர்களைத் திருடப் பழக்கும் கிழவனுக்கு அந்தப் பெயர்தான் போயிற்று. அங்கே கிடைத்த அன்புகூட, தான் அங்கே இருந்ததற்குச் சாட்சி என்பதால் பொறுக்கவில்லை போலும். இளிவு என்று தொல்காப்பியம் சொல்வது இவ்வளவு தூரம் கசியக்கூடியது.

ஆக, புனைவு என்றால் பெயர் மாற்றுவது என்று நினைத்தால் டிக்கன்ஸிடமிருந்து எதையும் கற்கவில்லை என்று பொருள். குற்றமும் அன்பும் சிரிப்பும் யாருக்கு எவ்வளவு என்று மறுபடி பங்குவைப்பதே அங்கே நடந்த புனைவு. பங்குவைக்கும்போது தனக்குத் தீங்கு செய்தவருக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

காலம் ஆற்றுமா?

அசோகமித்திரன் 1931இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். அப்பா ரயில்வே ஊழியர். நிஜாம் ஆட்சியின் கடைசி மாதங்களையும், 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்ததையும் கல்லூரி வயதில் அங்கே இருந்து பார்த்தவர். அந்த அனுபவம் ‘18வது அட்சக்கோடு’ நாவலாக வந்தது 1977இல். இடையில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். கிரிக்கெட், கல்லூரி, அண்டை அயல் என்று போய்க்கொண்டிருக்கும் சந்திரசேகரனின் அன்றாடத்துக்குள் வரலாறு கொஞ்சம் கொஞ்சமாக நுழைகிறது. கதை சில இடங்களில் ‘நான்’ என்றும் சில இடங்களில் ‘அவன்’ என்றும் சொல்லப்படுகிறது. ஒரே ஆளை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பார்க்கும் ஏற்பாடு அது.

நாவலின் முடிவு பலருக்கும் நினைவிருக்கும். கலவர நேரத்தில் சந்திரசேகரன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் போய்விடுகிறான். பயந்து ஒடுங்கியிருக்கும் குடும்பத்தைக் காப்பாற்ற, அந்த வீட்டின் சின்னப் பெண் ஆடையைக் களைந்து அவன் முன்னால் நிற்கிறாள். அவன் யாரையும் அடிக்க வந்தவன் இல்லை. ஆனால் அவளுக்கு அவன் வேறு யாருமில்லை, தாக்க வந்த கூட்டத்தில் ஒருவன்தான். அதுவரை நெருக்கடிக்கு ஆளான சிறுபான்மைக் குடும்பத்துப் பிள்ளையாக இருந்தவன், ஒரு நொடியில் மறுபக்கத்து ஆளாகிவிடுகிறான். அவமானத்தில் ஓடுகிறான். பாதிக்கப்பட்டவன் என்ற இடத்தை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டதுதான் அந்த முடிவின் பலம்.

இந்தப் பார்வைக்கு முப்பது ஆண்டு வேண்டுமா? ஜப்பானிய எழுத்தாளர் கென்சாபுரோ ஓயே வேறு விதமாகக் காட்டினார். 1963இல் அவருடைய முதல் மகன் ஹிகாரி மூளைக் குறைபாட்டோடு பிறந்தான். அறுவை சிகிச்சை செய்தால் பிழைக்கலாம், ஆனால் வாழ்நாள் முழுக்கப் பிறரைச் சார்ந்தே இருக்க நேரலாம். அடுத்த ஆண்டே, 1964இல், இதே நிலைமையிலிருந்து இரண்டு படைப்புகளை எழுதினார். ‘தனிப்பட்ட விஷயம்’ நாவலில் பறவை என்று பட்டப்பெயர் கொண்ட இளம் தந்தை குடிக்கிறான், பழைய தோழியிடம் ஓடுகிறான், ஆப்பிரிக்கா போகும் கனவில் மறைகிறான், குழந்தை தானாகச் செத்துவிடாதா என்று காத்திருக்கிறான். கடைசியில்தான் குழந்தையை ஏற்கிறான். ‘ஆகுயீ என்னும் வான்பூதம்’ சிறுகதையில் தந்தை குழந்தையைச் சாகவிட்டுவிடுகிறான். பிறகு வெள்ளைத் துணி அணிந்த பிரம்மாண்டக் குழந்தை ஒன்று வானத்திலிருந்து இறங்கி அவனிடம் வந்துகொண்டே இருக்கிறது.

மகன் தொட்டிலில் கிடக்கும்போது ஒரு தகப்பன் இவற்றை எழுதியிருக்கிறார். காயம் பச்சையாகவே இருந்தது. அவர் செய்ததெல்லாம், தான் ஆகியிருக்கக்கூடிய மிக மோசமான ஆளைத் தன் இடத்தில் நிறுத்தியதுதான். நாவலின் நம்பிக்கையான முடிவைச் சக எழுத்தாளர் மிஷிமா போன்றோர் குறை சொன்னார்கள். ஆனால் அந்த முடிவை நம்மால் நம்ப முடிவதற்குக் காரணம், அதற்கு முந்தைய பக்கங்களில் தந்தைக்கு எந்தச் சலுகையும் தரப்படாததே. காலம் தள்ளிநின்று பார்க்க உதவும், மறுப்பதற்கில்லை. தள்ளிநிற்க மனம் இல்லாதவருக்கு முப்பது ஆண்டும் உதவாது.

வடிவத்தைக் கண்டுபிடித்தவர்கள்

சில வலிகளுக்கு ஏற்கனவே இருக்கும் கதை அச்சு பொருந்தாது. எம்.வி. வெங்கட்ராம் மணிக்கொடி காலத்து எழுத்தாளர், கும்பகோணத்துக்காரர். பல ஆண்டுகள் அவர் காதுக்குள் குரல்கள் ஒலித்துக்கொண்டே இருந்தன. அந்த அனுபவம் 1992இல் ‘காதுகள்’ நாவலானது, மறு ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றது. முருக பக்தரான மகாலிங்கத்தின் காதுகளுக்குள் ஒரு கூட்டமே குடியேறிக் கூச்சலிடுகிறது, வசைபாடுகிறது, பேரம் பேசுகிறது. நோயாளி ஒருவரின் வாக்குமூலமாக எழுதியிருந்தால் நாம் வெளியே நின்று பரிதாபப்பட்டிருப்போம். ஆசிரியர் குரல்களுக்கே மேடையைக் கொடுத்துவிட்டார். வாசகருக்கும் அவற்றைக் கேட்காமல் தப்ப வழியில்லை. நடுவே சிரிப்பும் வருகிறது, சிரித்ததற்காக ஒரு சங்கடமும் வருகிறது.

ஷோபாசக்தி ஈழத்து அல்லைப்பிட்டியில் பிறந்து, சிறு வயதிலேயே விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, அதைவிட்டு விலகி, 1990களில் பிரான்சில் அகதியானவர். அவருடைய முதல் நாவல் ‘கொரில்லா’ 2001இல் வந்தது. அவர் எடுத்துக்கொண்டது அகதி விண்ணப்பத்தின் அச்சு. எண் போட்ட பத்திகள், விளக்கக் குறிப்புகள், அதிகாரிக்குச் சொல்லும் தொனி. அகதி ஒருவர் தன் வாழ்க்கையில் மிக அதிக தடவை சொல்ல நேரும் கதை அதுதான். அதை நம்புவதும் நிராகரிப்பதும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் கையில். நாவலைப் படிக்கும்போது வாசகர் தன்னை அறியாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இவன் சொல்வது உண்மையா என்று தானும் எடைபோடத் தொடங்கியிருப்பார். கொரில்லா என்பது நாயகன் ரொக்கிராஜின் தகப்பனுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர். அது மகன்மேலும் ஒட்டிக்கொள்கிறது. பெரிய போருக்குள் இப்படி ஒரு சின்ன ஊர் அவமானமும் சேர்ந்தே ஓடுவதால்தான் அந்த ஆள் அரசியல் அறிக்கையாகிவிடாமல் தப்பினான்.

பெருமாள்முருகன் 2010இல் எழுதிய ‘மாதொருபாகன்’ சில ஆண்டுகள் கழித்துப் பெரும் எதிர்ப்புக்கு உள்ளானது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மீண்டு வந்தவர் எழுதிய நாவல் ‘பூனாச்சி’. தனக்கு நடந்ததைப் பற்றி அதில் நேராக ஒரு சொல் கிடையாது. அது ஒரு வெள்ளாட்டுக்குட்டியின் கதை. குட்டி பிறந்தால் அரசிடம் பதிவு செய்து காது குத்தி அடையாளம் போட வேண்டும். அதற்கு வெயிலில் வரிசை கட்டி நிற்கும் சனங்கள், அதிகாரிக்கு முன்னால் வாயடைத்துப் போகும் கிழவி என்று கதை போகிறது. தன் வழக்கை எழுதியிருந்தால் அவர் பக்கம் நின்றவர்கள் மட்டும் படித்திருப்பார்கள். ஆட்டுக்குட்டிக்கு எதிர்க்கட்சி கிடையாது.

மறைக்காமல் சொன்னவர்கள்

இவ்வளவுக்கும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. புனைவுத் திரை யாருக்கு வசதி? காலகாலமாகப் பேசவே விடப்படாதவர்கள், முதல் தடவை வாய்திறக்கும்போது எதற்காக ஆளை மாற்றி ஊரை மறைத்துச் சொல்ல வேண்டும்? தலித் எழுத்தாளர் பாமாவின் தன்வரலாறான ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தபோது இந்தக் கேள்வி தமிழில் உரக்க ஒலித்தது. துறவு மடத்திலிருந்து வெளியே வந்து, தன் ஊரின் பேச்சுமொழியிலேயே அதை எழுதினார்.

அதில் வரும் ஒரு காட்சி பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. பள்ளிவிட்டு வரும் சிறுமி, தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல், கட்டிய நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் முதலாளியிடம் கொடுப்பதைப் பார்க்கிறாள். அவ்வளவு பெரிய ஆள் இப்படி ஒரு வேடிக்கை செய்கிறாரே என்று அவளுக்குச் சிரிப்பு. வீட்டுக்கு ஓடி அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால்தான் அவர் அப்படிக் கொண்டுபோனார் என்கிறான். நகையிலிருந்து இளிவுக்கு ஒரே எட்டு. சாதிக் கொடுமை பற்றிய பிரசங்கம் முதலில் வந்திருந்தால் வாசகர் தற்காத்துக்கொண்டிருப்பார். சிறுமியோடு சேர்ந்து சிரித்துவிட்டதால் அவருக்குத் தப்ப வழியில்லை.

பாமா எதையும் புனையவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தேர்ந்தெடுத்திருக்கிறார், வரிசைப்படுத்தியிருக்கிறார், விவரம் தெரியாத குழந்தையாக மறுபடி நின்று பார்த்திருக்கிறார். ‘நான்’ என்று தொடங்குவது பக்கத்துக்குப் பக்கம் ‘நாங்க’ என்று விரிந்துகொண்டே போகிறது. வலியைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் அன்னி எர்னோவின் பாதை இன்னும் தெளிவு. கருக்கலைப்பு அங்கே சட்டவிரோதமாக இருந்த காலத்தில், மாணவியாகத் தான் பட்டதை 1974இல் தன் முதல் நாவலுக்குள் வைத்தார். 2000இல் அதே அனுபவத்தைப் புனைவின்றி ‘நிகழ்வு’ என்ற சிறு நூலாக எழுதினார். 2022இல் நோபல் பரிசு வந்தது. புனைவைக் கைவிட்ட அந்த நூலில் புலம்பலுக்கு இடமே இல்லை. தேதி, அறை, பணம், யார் என்ன சொன்னார் என்ற விவரங்களே இருக்கின்றன. தன்மேல் இரக்கம் கேட்பதை அவரும் விட்டுவிட்டார்.

தமிழ் எழுத்தாளர் சிவகாமி இன்னொரு படி போனார். ‘பழையன கழிதலும்’ 1989இல் வந்தது. தலித் தலைவர் காத்தமுத்து, அவருடைய மகள் கௌரி, தாக்கப்பட்டு நியாயம் கேட்டு வரும் தங்கம் என்று விரியும் கதை. 1997இல் ‘ஆசிரியர் குறிப்பு’ என்று அதற்கு மேல் ஒரு நூல் எழுதி, அந்த நாவலையே கூண்டில் ஏற்றினார். தகப்பனை அப்படிக் காட்டியது நியாயமா, எதை மிகைப்படுத்தினோம், எதை விட்டோம் என்று எழுதிய கையே விசாரிக்கிறது. தமிழில் இப்படி ஒரு தன்விசாரணை அபூர்வம்.

எழுதினால் ஆறுமா?

எழுதுவதே மருந்து என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அதற்குக் கொஞ்சம் ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்கள் மிக வேதனையான அனுபவத்தை எழுதினார்கள். நடந்ததையும் அதை உணர்ந்த விதத்தையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. பிந்தைய ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. நாளுக்கு நாள் எழுத்தில் ‘ஏனென்றால்’, ‘இப்போது புரிகிறது’ போன்ற சொற்கள் கூடியவர்களுக்கே பயன் அதிகம். புலம்பல் கோவையான கதையாக மாறும்போதுதான் மனசும் இளைப்பாறுகிறது.

ஆனால் அந்தத் தாள்கள் வாசகருக்காக எழுதப்பட்டவை இல்லை. எழுதியவருக்கு ஆறுதல் தந்ததால் ஒரு பக்கம் இலக்கியமாகிவிடாது. இலக்கியமானதால் எழுதியவர் குணமானார் என்றும் சொல்ல முடியாது. ‘காப்பர்ஃபீல்ட்’ எழுதி முடித்த பிறகும் டிக்கன்ஸ் சாகும்வரை அந்தத் தொழிற்சாலையைப் பற்றி வெளியே மூச்சு விடவில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நாட்குறிப்புகள் பல சிறுகதை என்ற பெயரில் தபாலேறுகின்றன.

மற்றவர் பங்கு

எந்தத் துயரமும் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. அப்பா, மனைவி, ஊர், சாதிசனம் எல்லோரும் அதில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டு யாரும் எழுதுவதில்லை. ‘கருக்கு’ வந்த புதிதில் பாமாவின் சொந்த ஊர்க்காரர்களே கோபப்பட்டார்கள். நார்வே எழுத்தாளர் கார்ல் ஊவ கெனாஸ்கோர் 2009 முதல் 2011 வரை ஆறு தொகுதிகளாக எழுதிய தன்வரலாற்று நாவலில் தந்தையின் குடிச் சாவை விவரித்தபோது, தந்தையின் உடன்பிறந்தவர் வழக்குத் தொடுப்பேன் என்றார். கடைசித் தொகுதியில் அந்தச் சண்டையும் கதையானது.

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் தீர்ப்பு கிடையாது. அதிகாரம் உள்ளவரைப் பற்றி எழுதுவதும், பதில் சொல்ல வாயில்லாதவரைப் பற்றி எழுதுவதும் ஒன்றாகாது. ஒரு வாத்தியார் செய்த கொடுமையை மாணவன் எழுதலாம். பித்துப் பிடித்த அம்மாவைப் பற்றி மகன் எழுதும்போது இன்னும் நூறு தடவை யோசிக்க வேண்டும். அறம் பார்ப்பது கலைக்குத் தடை என்று நினைக்கத் தேவையில்லை. வில்லனாக மட்டும் காட்டப்பட்ட அப்பா கதையில் உயிரில்லாமல் கிடப்பார். அவர் பக்கத்தையும் தேடிப்போகும் எழுத்தாளருக்கு நல்ல பாத்திரம் ஒன்று கிடைக்கும்.

மொத்தத்தில், திரை போட்டவர்களும் போடாதவர்களும், உடனே எழுதியவர்களும் முப்பது ஆண்டு காத்தவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். தன் துயரத்தில் தனக்கென்று இருந்த சலுகைகளை அவர்கள் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நான்தான் பாதிக்கப்பட்டவன், என் பக்கமே நியாயம், எனக்காக நீ அழ வேண்டும் என்ற மூன்றும் அந்தச் சலுகைகள். டிக்கன்ஸ் தந்தையைச் சிரிப்பால் மீட்டார், அசோகமித்திரன் நாயகனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார், ஓயே தன்னைவிட மோசமான தகப்பனைப் படைத்தார், பாமா ஊரோடு பங்குபோட்டார், சிவகாமி தன்னையே குறுக்கு விசாரணை செய்தார். எழுத்தாளர் காலி செய்த அந்த இடத்தில்தான் வாசகர் தன் சொந்த வலியோடு வந்து உட்காருகிறார்.

எனவே கைப்பிரதியைத் திருப்பிப் படிக்கும் எழுத்தாளர் தன்னிடம் கேட்க வேண்டியது, இது உண்மையாக நடந்ததா என்பதில்லை. அது அவருக்குத் தெரியும். என்னை வருத்தியவருக்கு இந்தக் கதையில் ஒரு நல்ல வரியாவது இருக்கிறதா, நான் வெட்கப்படும்படி ஒரு இடமாவது இருக்கிறதா என்று கேட்கலாம். இரண்டும் இல்லையென்றால் அது இன்னும் அவருடைய புகார் மனுதான். மனு நியாயமானதாகவே இருக்கலாம், அதைக் கேட்க ஊரும் நீதிமன்றமும் இருக்கின்றன. கதையாக வேண்டுமென்றால் இன்னொரு தடவை எழுத வேண்டும்.